பதினான்கு வயதுப் பெண்ணிடம் மார்பில் கட்டி இருக்கிறதா என்று தேடச் சொல்லலாமா?

ஒரு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியையாக இருப்பதாகச் சொல்லி நீங்கள் கேட்டது இதுதான். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள மாணவிகளுக்கு மார்பக சுயபரிசோதனையைச் செய்து காட்ட ஒரு தன்னார்வக் குழு அனுமதி கேட்டிருக்கிறது. தலைமையாசிரியைக்கு இதில் விருப்பம். பெற்றோர் சிலர், "சின்னப் பிள்ளைகளிடம் பேசுகிற பேச்சா இது" என்று கோபப்படுகிறார்கள். செய்யலாமா, வேண்டாமா? உங்கள் கேள்வியை இரண்டு மூன்று முறை படித்தேன். அதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. இந்த வயதுப் பெண்கள் மாதாமாதம் மார்பைத் தடவிக் கட்டி தேடினால் அது அவர்களைப் புற்றுநோயிலிருந்து காப்பாற்றுமா என்பது ஒன்று. இந்த வயதுப் பெண்களிடம் மார்பகத்தைப் பற்றிப் பள்ளியில் பேசலாமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு என் பதில், இல்லை. இரண்டாவதற்கு, ஆம், தள்ளிப்போடாமல் பேச வேண்டும். தன்னார்வக் குழு முதல் கேள்விக்கு ஆம் என்று நம்பி வருகிறது. பெற்றோர் இரண்டாவதற்கு இல்லை என்கிறார்கள். இரு தரப்பிலும் நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை; ஆனால் இருவரும் வெவ்வேறு விஷயங்களைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் பொது அறுவை மருத்துவர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அரசு மருத்துவமனைகளில் வேலை. அதில் பெரும்பகுதி மார்பக நோய்களுக்கான புறநோயாளிப் பிரிவில் கழிந்திருக்கிறது. பள்ளிகளுக்கும் பல முறை போய்ப் பேசியிருக்கிறேன். தொடக்க காலத்தில் அந்தக் குழுவினர் செய்ய நினைப்பதையேதான் நானும் செய்தேன். ரப்பரில் செய்த மார்பக மாதிரி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "மூன்று விரல்களால் இப்படி வட்டமாக அழுத்துங்கள்" என்று சொல்லிக்கொடுத்தேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. ஏன் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதலில், ஐயமில்லாமல் தெரிந்தவை. இருபது வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருவது மிக மிக அரிது. மேலைநாட்டுப் பதிவேடுகளின்படி ஆண்டுக்குப் பத்து லட்சம் இளம்பெண்களில் ஒருவர் என்ற அளவில்தான் அது இருக்கிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு மேலைநாட்டினரைவிட ஏறத்தாழப் பத்தாண்டு முன்னதாகவே இந்த நோய் வருகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த "முன்னதாக" என்பது நாற்பதுகளையும் ஐம்பதுகளின் தொடக்கத்தையும் குறிக்கிறது, பதினாறு வயதை அல்ல. உங்கள் பள்ளியில் ஆயிரம் மாணவிகள் இருந்து, ஆயிரம் பேரும் ஒவ்வொரு மாதமும் தவறாமல் தேடினால், அவர்கள் பள்ளியை விட்டுப் போவதற்குள் கண்டுபிடிக்கப் போவது பெரும்பாலும் சில ஃபைப்ரோஅடினோமாக்களையும், மாதவிடாய்க்கு முன் வரும் சாதாரண வீக்கங்களையும்தான்.

ஃபைப்ரோஅடினோமா என்பது இளம்பெண்களுக்கு மிக அதிகமாக வரும் சாதுவான கட்டி. பளிங்குக் குண்டுபோல உருண்டையாக, ரப்பர்போலக் கெட்டியாக, விரலுக்குள் அகப்படாமல் நழுவும். எலிக்குஞ்சுபோல ஓடுவதால் மருத்துவ மாணவர்களுக்கு அதை "மார்பக எலி" என்றே சொல்லித் தருவோம். வலிக்காது. பெரும்பாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டரோடு நின்றுவிடும்; பல பெண்களுக்குச் சில ஆண்டுகளில் தானாகவே சுருங்கிவிடும். அது புற்றுநோயும் அல்ல, விட்டுவைத்தால் புற்றுநோயாக மாறிவிடும் என்ற கணக்கும் அதற்கு இல்லை. ஒரு ஸ்கேன் எடுத்து, அளந்து வைத்துக்கொண்டு, சில மாதம் கழித்து மறுபடி பார்த்தால் போதும். வேகமாக வளர்ந்தாலோ, ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, ஸ்கேனில் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது தெரிந்தாலோதான் ஊசி வழியாகத் திசு எடுத்துச் சோதிப்பதும் அறுவை சிகிச்சையும். பதினாறு வயதில் மேமோகிராம் எனப்படும் மார்பக எக்ஸ்ரே எடுப்பதில் பயன் கிடையாது. அந்த வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் படம் முழுக்க வெள்ளையாகத் தெரியும்.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயதுக்குள் மார்பு வளரத் தொடங்கும்போது, காம்புக்கு நேர் பின்னால் பொத்தான்போல ஒரு கெட்டியான வட்டு முதலில் தோன்றும். தொட்டால் வலிக்கும். பல சிறுமிகளுக்கு ஒரு பக்கம் மட்டும் வந்து, மறுபக்கம் சில மாதங்கள் கழித்து வரும். இதை மார்பு மொட்டு என்று சொல்லலாம். மார்பகம் முழுவதும் இந்த மொட்டிலிருந்துதான் வளர்ந்தாக வேண்டும். இதைக் கட்டி என்று நினைத்து அறுத்து எடுத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் மார்பகம் வளராது. பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியை அவளுடைய அம்மா என்னிடம் கூட்டிவந்தார். வேறோர் இடத்தில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். வலது பக்கம் ஒரு மொட்டு, இடது பக்கம் ஒன்றுமில்லை, அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. "பிள்ளை வளர்கிறாள் அம்மா, வேறொன்றும் இல்லை" என்று நான் சொன்னபோது, அவர் என் மேசைமேல் தலையைச் சாய்த்து அழுதார். ஆறு மாதத்தில் இடது பக்கமும் வந்தது. கட்டியைத் தேடு என்று சொல்லிக்கொடுக்கிற வகுப்பு, எது கட்டியில்லை என்பதைச் சொல்லிக்கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று எப்போது யோசித்தாலும் எனக்கு அந்த அம்மாதான் நினைவுக்கு வருகிறார்.

அடுத்தது, சுயபரிசோதனை உயிரைக் காப்பாற்றுகிறதா என்ற கேள்வி. இது அவரவர் அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய விஷயம் அல்ல, அளந்து பார்த்திருக்கிறார்கள். சீனாவில் ஷாங்காய் நகரத்தின் 519 துணி ஆலைகளில் வேலை செய்த 2,66,064 பெண்களை 1989 முதல் 1991 வரை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சுயபரிசோதனையை மாதிரிகளை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மறந்துவிடாமல் இருக்க மறுபயிற்சியும் கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கண்காணிப்பில் செய்யவும் வைத்தார்கள். மறு பிரிவுக்கு இந்தப் பயிற்சி இல்லை. 2000ஆம் ஆண்டு வரை தொடர்ந்து பார்த்ததில், பயிற்சி பெற்றவர்களில் 135 பேரும் பெறாதவர்களில் 131 பேரும் மார்பகப் புற்றுநோயால் இறந்திருந்தார்கள். வித்தியாசமே இல்லை. ஒன்றில் மட்டும் பெரிய வித்தியாசம் இருந்தது: பயிற்சி பெற்ற பிரிவில் புற்றுநோயல்லாத கட்டிகளுக்காக மருத்துவமனைக்குப் போய்த் திசு எடுத்துக்கொண்டவர்கள் மிக அதிகம். ரஷ்யாவிலும் இதுபோன்ற பெரிய ஆய்வு நடந்தது. இரண்டையும் சேர்த்து 2003இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு மதிப்பிட்டபோது, இறப்பு குறையவில்லை, திசுப் பரிசோதனைகள் ஏறத்தாழ இரு மடங்கு ஆயின என்றே வந்தது. 2009இல் அமெரிக்க அரசின் தடுப்பு மருத்துவக் குழு சுயபரிசோதனையைக் கற்றுத்தர வேண்டாம் என்றது. 2015இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் அதைப் பரிந்துரைப்பதை நிறுத்திவிட்டது.

இந்த ஆய்வுகளின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். ஷாங்காயில் சேர்க்கப்பட்டவர்கள் முப்பதைத் தாண்டிய பெண்கள். பள்ளி வயதிலேயே கற்றுக்கொண்ட பழக்கம் நாற்பது வயதில் ஓர் உயிரைக் காப்பாற்றுமா என்பதை அவை சோதிக்கவில்லை. ஷாங்காய்ப் பெண்களுக்கு ஆலையிலேயே மருத்துவ வசதி இருந்தது. கட்டி கண்ணில் பட்டால் அவர்கள் ஓரளவு சீக்கிரமாகவே வந்துவிடுவார்கள். ஒன்றரை ஆண்டு ஒளித்து வைத்துவிட்டு, புண்ணாகி வாடை வந்த பிறகு வருகிற ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு அந்த முடிவு அப்படியே பொருந்துமா என்று கேட்டால், முழுக்கப் பொருந்தாது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் இது என் கருத்து, நிரூபிக்கப்பட்ட உண்மை அல்ல. மேலும், ஒளித்துவைப்பதற்கான மருந்து மாதாந்தரப் பரிசோதனை முறை அல்ல. அந்தப் பெண்களில் பெரும்பாலோருக்குக் கட்டி இருப்பது தெரிந்தே இருந்தது. குளிக்கும்போது கையில் பட்டிருக்கிறது. சொல்லத்தான் முடியவில்லை.

மாணவிகளை வைத்து நடந்த ஆய்வுகள் ஏராளமாக இருக்கின்றனவே என்று அந்தக் குழுவினர் உங்களிடம் காட்டக்கூடும். நம் ஊர்ச் செவிலியர் கல்லூரிகளில் இது மிகப் பழக்கமான ஆய்வுத் தலைப்பு. எனக்கும் பல ஆய்வேடுகள் பார்வைக்கு வந்திருக்கின்றன. பெரும்பாலும் ஒரே அமைப்புதான்: முதலில் ஒரு வினாத்தாள், பிறகு ஒரு பாடம், ஒரு வாரம் கழித்து அதே வினாத்தாள். மதிப்பெண் கூடியிருக்கும். கூடாமல் எப்படி இருக்கும்? பாடம் நடத்திவிட்டுத் தேர்வு வைத்தால் மதிப்பெண் கூடும் என்பதை ஆசிரியையான உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் பெண்கள் ஓராண்டு கழித்தும் செய்கிறார்களா, செய்ததால் யாருக்காவது நன்மை வந்ததா, பயம் கூடியதா குறைந்ததா என்பவற்றை அவை அளப்பதில்லை. மாணவிகளுக்கு விழிப்புணர்வு குறைவு என்று அவை காட்டுவதை நான் நம்புகிறேன். ஆகவே மாதாந்தரப் பரிசோதனையைக் கற்றுத்தர வேண்டும் என்ற அடுத்த வரியைத்தான் ஏற்க முடியவில்லை.

பயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, இப்படியான ஒரு வகுப்புக்குப் பிறகு, மூன்று வாரம் ஒழுங்காகத் தூங்காமல் என்னிடம் வந்தாள். இரவில் போர்வைக்குள் கையை விட்டு அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அழுத்தி அழுத்தி அந்த இடமே கன்றிப்போய் வலித்தது. வலி வந்ததும் பயம் இன்னும் கூடியது. அவள் கையில் தட்டுப்பட்டது விலா எலும்பின் விளிம்பு. மார்பகம் இயல்பிலேயே வழுவழுப்பான பொருள் அல்ல. உள்ளே சுரப்பிகளும் கொழுப்பும் நார்த்திசுவும் கலந்து, கூழாங்கற்களை நிரப்பிய துணிப்பைபோல முண்டும் முடிச்சுமாகத்தான் இருக்கும். அதற்குள் புதிதாக வந்த ஒன்றைப் பிரித்தறிய, பழையது எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். வளர்ந்துகொண்டிருக்கிற ஒரு பெண்ணுக்கு மாதத்துக்கு மாதம் எல்லாமே புதிதுதானே.

அப்படியானால் பேசாமலே விட்டுவிடலாமா? கூடாது. பெற்றோர்களோடு நான் மாறுபடுவது இங்கேதான். உலகளவிலான 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் அந்த ஓராண்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 98,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சென்னை அடையாற்றில் உள்ள புற்றுநோய் நிறுவனம் 1980களின் தொடக்கத்திலிருந்து நடத்திவரும் பதிவேட்டில், ஒரு காலத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய் முதலிடத்தில் இருந்தது; இன்று அந்த இடத்தில் மார்பகப் புற்றுநோய் இருக்கிறது. நம் நாட்டில் பாதிப் பேருக்கு மேல் நோய் முற்றிய நிலையில்தான் வருகிறார்கள். அவர்களிடம் நான் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "முதலில் யாரிடம் சொன்னீர்கள்?" பலர் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். கணவரிடம் சொல்லவில்லை, மகளிடம் சொல்லவில்லை, கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் சொல்லவில்லை. "அந்த இடத்தில்" என்பார்கள். "நெஞ்சில்" என்பார்கள். ஐம்பது வயதில், இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து வளர்த்த ஒரு பெண்ணுக்கு, மருத்துவரின் அறைக்குள்கூட அந்த உறுப்பின் பெயரைச் சொல்ல வாய் வருவதில்லை. அந்த வாய் ஐம்பது வயதில் அடைபட்டது அல்ல. பன்னிரண்டு வயதில் துப்பட்டாவை இழுத்துப் போடச் சொன்ன நாளிலேயே அடைபட்டது. முன்னால் குனிந்து, புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடக்கிற உங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பாருங்கள். நான் சொல்வது புரியும்.

ஆகவே வகுப்பு வேண்டும். பாடம்தான் வேறாக இருக்க வேண்டும். முதல் அரை மணி நேரம் இயல்பு என்னவென்று சொல்லுங்கள். இரண்டு மார்பகங்களும் ஒரே அளவாக இருக்காது, யாருக்கும் இருப்பதில்லை. காம்பைச் சுற்றிய கருவட்டத்தில் சிறுசிறு புடைப்புகள் இருக்கும்; அவை எண்ணெய் சுரக்கும் சுரப்பிகள், பரு அல்ல, கிள்ளக் கூடாது. ஓரிரண்டு முடி முளைக்கலாம். சிலருக்குக் காம்பு தொடக்கத்திலிருந்தே உள்வாங்கி இருக்கும். அது அவர்களின் அமைப்பு. மாதவிடாய்க்குச் சில நாள் முன்பு கனமும் வலியும் முடிச்சுகளும் வந்து, பிறகு வடிந்துவிடும். அக்குளில் சிலருக்கு மென்மையான திரட்சி இருக்கும். அது கூடுதல் மார்பகத் திசுவாக இருக்கலாம். வேகமாக வளரும்போது தோலில் கோடுகள் விழும். இவற்றில் எதுவும் நோய் இல்லை. இதைக் கேட்கும்போது அந்தப் பிள்ளைகளின் முகத்தில் வருகிற நிம்மதியை நீங்கள் பார்க்க வேண்டும். தனக்கு மட்டும்தான் இப்படி என்று ஒவ்வொருத்தியும் ஆண்டுக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்திருப்பாள்.

அடுத்ததாக, எப்போது ஒரு பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். மாதவிடாய் முடிந்து ஒரு வாரம் ஆன பிறகும் அதே இடத்தில் தனியாகத் தெரிகிற கட்டி, வளர்ந்துகொண்டே போகிற கட்டி, காம்பிலிருந்து தானாக வடிகிற நீர், குறிப்பாக இரத்தம் கலந்தது, சிவந்து சூடாகி வலிக்கிற வீக்கம், காய்ச்சல், தோல் உள்ளிழுத்துக்கொள்வது, இதுவரை வெளியே இருந்த காம்பு புதிதாக உள்ளே போவது, ஆறாத புண், ஒரு பக்கம் மட்டும் சில மாதங்களில் மிகப் பெரிதாவது. இந்த வயதில் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் காரணம் சாதுவானதாகவே இருக்கும். சீழ்க்கட்டியாக இருக்கலாம், ஃபைப்ரோஅடினோமாவாக இருக்கலாம், பால்நாளத்தில் சிறு கோளாறாக இருக்கலாம். இருந்தாலும் ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும். இதற்காக மாதம் ஒரு நாளைக் குறித்து வைத்துத் தேட வேண்டியதில்லை. குளிக்கும்போது, உடை மாற்றும்போது தன் உடம்பைக் கூச்சமில்லாமல் பார்த்துப் பழகியிருந்தால் போதும். மாற்றம் தானாகக் கண்ணில் படும். பிரிட்டனில் 1990களின் தொடக்கத்திலேயே சடங்குபோன்ற பரிசோதனையை விட்டுவிட்டு, தன் உடம்பின் இயல்பை அறிந்திருத்தல் என்ற இந்த வழிக்கு மாறிவிட்டார்கள்.

மருத்துவமனையில் என்ன நடக்கும் என்பதையும் சொல்லுங்கள். பல பிள்ளைகள் பயப்படுவது நோய்க்கு அல்ல, சட்டையைக் கழற்றுவதற்குத்தான். திரை இருக்கும், அம்மாவோ செவிலியரோ கூட இருக்கலாம், ஆண் மருத்துவர் என்றால் பெண் ஒருவர் உடன் இருக்க வேண்டும், பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று கேட்பதிலும் தவறில்லை. ஸ்கேன் வலிக்காது. ஊசியால் திசு எடுத்தால் நோய் பரவிவிடும் என்ற பேச்சு தவறு. அந்தப் பேச்சை நம்பி ஊசிக்குப் பயந்து ஓடிப்போனவர்கள், நோய் பரவிய பிறகு திரும்பி வந்ததைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி கேட்க விட்டால் பிள்ளைகள் வீட்டில் கேட்ட கதைகளையெல்லாம் கொட்டிவிடுவார்கள். கறுப்பு உள்ளாடை போட்டால் புற்றுநோய் வருமா, இறுக்கமாகப் போட்டால் வருமா, ரவிக்கைக்குள் பர்ஸ் வைத்தால், கைபேசி வைத்தால் வருமா, பந்து பட்டால் கட்டி வருமா. உள்ளாடைக்கும் இதற்கும் தொடர்பில்லை. பர்ஸுக்கும் இல்லை. அடிபட்டால் இரத்தம் கட்டி வீங்கலாம், சில நேரம் கொழுப்புத் திசு கெட்டியாகலாம், ஆனால் அடி புற்றுநோயை உண்டாக்காது; அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்க்கும்போதுதான் ஏற்கெனவே இருந்த கட்டி கையில் படும். வலி இருந்தால்தான் நோய், வலி இல்லாவிட்டால் பயமில்லை என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. பெரியவர்களிடத்தில் நிலைமை தலைகீழ். மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. இதை உங்கள் மாணவிகள் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும்.

வீட்டுக்கு என்றேனே, உண்மையில் புற்றுநோயைத் தேட வேண்டிய இடம் அங்கேதான் இருக்கிறது. உங்கள் மாணவிகளின் அம்மாக்கள் முப்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்டவர்கள். பாட்டிமார்கள் அறுபதை ஒட்டியவர்கள். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் 35 முதல் 64 வயதுள்ள ஒன்றரை லட்சம் பெண்கள். ஒரு பாதியினருக்குப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கையால் மார்பகப் பரிசோதனை செய்தார்கள். 2021இல் முடிவு வெளிவந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் 15 சதவீதம். ஆனால் அந்த 15 தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று புள்ளியியல் சொல்வதால், ஐம்பதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பலன் உறுதி என்று நான் சொல்ல மாட்டேன். இருந்தாலும், தன் கையால் தேடுவதற்கும் பயிற்சி பெற்ற ஒருவரின் கை தேடுவதற்கும் உள்ள வேறுபாடு இதில் தெரிகிறது. முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை சுகாதாரப் பணியாளர்கள் மார்பகப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது 2016 முதல் நம் அரசின் நெறிமுறை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே செய்வார்கள். ஆனால் போய்க் கேட்கிறவர்கள் குறைவு. பள்ளியில் பேசிவிட்டு வந்த ஒரு மாதத்துக்குள் ஒரு மாணவி தன் அம்மாவை என்னிடம் கூட்டிவந்திருக்கிறாள். "அம்மா சொல்ல மாட்டேன் என்கிறாள் டாக்டர், நான் சொல்கிறேன்" என்று அந்தப் பெண்தான் பேசினாள். இரண்டு சென்டிமீட்டர் கட்டி. மார்பகத்தை எடுக்காமலே சிகிச்சை செய்ய முடிந்தது. இப்படி ஒன்று நடந்ததை வைத்து, எல்லாப் பள்ளியிலும் இப்படியே நடக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. அம்மாவின் உயிருக்கு நீதான் பொறுப்பு என்ற சுமையையும் ஒரு பிள்ளையின் தலையில் ஏற்றக் கூடாது. "வீட்டில் போய்ச் சொல்லுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சில பிள்ளைகளுக்கு மட்டும் நான் மேலே சொன்னது போதாது. அம்மா, பெரியம்மா, சித்தி, அத்தை, பாட்டி ஆகியோரில் இரண்டு பேருக்கோ, ஒருவருக்கே நாற்பது வயதுக்குள்ளோ மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ வந்திருந்தால், அந்தக் குடும்பத்தில் மரபணுக் கோளாறு இருக்க வாய்ப்புண்டு. தந்தை வழியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அப்போதும் பதினைந்து வயதில் பரிசோதனை தேவையில்லை. முதலில் நோய் வந்த பெரியவருக்குத்தான் மரபணு ஆலோசனை. அந்தப் பெண்ணுக்குரிய கண்காணிப்பு பதினெட்டுக்கு மேல் தொடங்கும். சிறு வயதில் வேறு புற்றுநோய்க்காக நெஞ்சில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்ற பிள்ளைகளும் தனி வகை. அவர்களைத் தொடர்ந்து பார்க்கும் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். இந்த இரு வகையினரையும் வகுப்பில் கை தூக்கச் சொல்லிக் கண்டுபிடிக்காதீர்கள். தனியாக வந்து சொல்ல ஒரு வழி இருந்தால் போதும்.

வகுப்பை நடத்தும் முறையைப் பற்றிச் சிலவற்றைச் சொல்கிறேன். நான் குழந்தை மனநல நிபுணர் அல்ல. இவை என் அனுபவத்தில் கண்டவை. ஒன்பதாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் ஒன்றாக உட்கார வைக்காதீர்கள். நாற்பது பேருக்கு மேல் வேண்டாம். பேசுகிறவர் பெண்ணாக இருக்கட்டும். நீங்களே பேசினால் இன்னும் நல்லது, ஏனென்றால் மறுநாளும் நீங்கள் அங்கே இருப்பீர்கள். எந்த மாணவியையும் முன்னால் அழைத்துச் செய்துகாட்டச் சொல்லக் கூடாது. எந்த மாணவியையும் யாரும் தொட்டுக் காட்டக் கூடாது. இதில் தளர்வே கூடாது. மருத்துவரோ பெற்றோரோ அல்லாத ஒருவர் பரிசோதனை என்ற பெயரில் தொட வந்தால் மறுக்கும் உரிமை உண்டு என்பதையும், உதவிக்கு 1098 என்ற எண் இருக்கிறது என்பதையும் அதே வகுப்பில் சொல்லுங்கள். புற்றுநோயால் சிதைந்த மார்பகப் படங்களைக் காட்ட வேண்டாம். ஒரு பெட்டியை வைத்து, பெயர் எழுதாமல் கேள்விகளைப் போடச் சொல்லுங்கள். வாய் திறக்காத பிள்ளைகள் அதில் பக்கம் பக்கமாக எழுதிப் போடுவார்கள். புற்றுநோய்த் தடுப்பு என்ற பெயரில்தான் குழு வருகிறது என்றால், அந்த வயதுக்கு உண்மையிலேயே பொருந்துகிற ஒன்றை அவர்களிடம் கேட்டுப் பெறுங்கள்: கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி. ஒன்பது முதல் பதினான்கு வயதுக்குள் போட உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது அது. அதன் பலன் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்பட்டது.

பெற்றோரைப் பொறுத்தவரை, கோபப்படுகிறவர்களைப் பிற்போக்கானவர்கள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பிள்ளையை யாரோ தொட்டுவிடுவார்களோ, பயமுறுத்திவிடுவார்களோ என்ற அவர்களுடைய கவலையில் பாதி நியாயமானது. அழைப்புக் கடிதத்தில் "மார்பக சுயபரிசோதனை முகாம்" என்று போடாமல் "வளரிளம் பருவ உடல்நலம்" என்று போடுங்கள்; என்னென்ன பேசப்படும், என்ன செய்யப்படாது என்று இரண்டு வரியில் எழுதுங்கள். அதே வாரத்தில் ஒரு சனிக்கிழமை அம்மாக்களையும் பாட்டிமார்களையும் பள்ளிக்கு வரச் சொல்லி, உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியரை அழைத்து, தனி அறையில் அவர்களுக்கு மார்பகப் பரிசோதனை செய்ய ஏற்பாடு பண்ணுங்கள். தன்னார்வக் குழுவின் ஆட்களையும் ரப்பர் மாதிரிகளையும் அந்த அறைக்கு அனுப்பலாம். அங்கே கட்டி கண்டுபிடிக்கப்பட்டால் எந்த மருத்துவமனைக்கு, எந்தக் கிழமையில், யாரிடம் அனுப்புவது என்பதை முகாமுக்கு முன்பே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏற்பாடு முடிந்த பிறகே தேதி குறியுங்கள்.